விட்டுக்கொடுத்த காய்

1.
இந்தக் கதை பிறந்தது பொறாமையில். சக்கர நாற்காலியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், கேரம் ஆடும்போது வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற நான் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

முதல் வரி: 'விபத்துக்குப் பின் அவர் வாழ்க்கை இருண்டு...' (அடித்துவிட்டேன். இருளவெல்லாம் இல்லை. மாலையானால் கேரம் இருந்தது.)

2.
கடையைப் பூட்டியதும் அவர் நேரே போவது தன் அக்கா வீட்டுக்கு. அக்காவின் கணவருக்கும் அவருக்கும்தான் ஆட்டம்.*

ஒருநாள் சமையலறையில் அக்கா தன் கணவரிடம் சொல்வது அவர் காதில் விழுந்தது: "பாவம்ங்க அவன். கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுங்களேன்."

அப்படியானால் இதுவரை ஜெயித்ததெல்லாம்? யார் எதற்கு இரக்கப்பட்டாலும் பொறுத்துக்கொள்வார். இந்தப் பலகையிலுமா?

* கேரமில் எழுந்து அடிக்கக் கூடாது, நாற்காலியையும் நகர்த்தக் கூடாது. "இதுல மட்டும்தான் ஊரே என்னை மாதிரி உக்காரணும்" என்பார்.

3.
(இங்கே அவருக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன். கைதட்டல், கண்ணீர், எல்லாம் உண்டு. எழுதி முடித்தபின்தான் உறைத்தது: அக்கா சொன்னதைத்தான் நானும் செய்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.)

4.
அன்றைய ஆட்டத்தில் மச்சான் சுலபமான காய் ஒன்றைத் தவறவிட்டார். கடைக்காரரின் முகம் செத்துப்போனது. கடைசியில் ஆளுக்கொரு காய் மிச்சம். மச்சான் மூச்சைப் பிடித்து அடித்தார். காய் குழியில் விழுந்தது.

"மச்சான், எழுந்துட்டீங்க! செல்லாது, ஃபைன் வைங்க!"

"யாரு எழுந்தா? சும்மா முன்னால சாஞ்சேன்."

"நாற்காலிக்கும் உங்களுக்கும் நடுவுல காத்தே போச்சு. நான் பார்த்தேன்."

"அழுகுணி ஆட்டம் ஆடாத மாப்ள! உனக்கு விட்டுக்கொடுக்கணுமாம், உங்கக்கா சொல்றா. உங்கிட்ட தோத்துத் தோத்து எனக்குத் தூக்கமே போச்சு. நான் விட்டுக்கொடுக்கவா?"

கடைக்காரர் அவரையே பார்த்தார். காது மடல் சிவக்க, உண்மையான கோபத்தோடு ஒரு மனிதர் தன்னிடம் சண்டை போடுகிறார். அப்பாடா! நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

5.
மச்சான் முணுமுணுத்துக்கொண்டே காயை எடுத்துத் திரும்பப் பலகையில் வைத்துவிட்டார். இப்போது கடைக்காரரின் முறை. அவருடைய காய் எதிர்மூலையில், கஷ்டமான கோணத்தில் இருக்கிறது. அவர் ஸ்டிரைக்கரை வைத்து, விரலை மடக்கி...

இனி உங்கள் பாடு. விழுமா விழாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பாவம் பார்த்து மட்டும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்துவிடுவார்.