பனி விழுங்கிய புகை

கந்தக உலைக்கு முன்னால் நிற்பவன் மூச்சை அளந்துதான் வாங்க வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில், வெற்றிசெல்வன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்யும் பாப்பாத்தி சம்மட்டியால் உடைத்துப்போட்ட மஞ்சள் கந்தகக் கட்டிகளை அள்ளி உலைக்குள் தள்ளினான். கந்தகம் உருகி, செம்பழுப்புக் குழம்பாகி, நீலச் சுடரோடு எரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. கல்வராயன் மலையடிவாரத்துச் சர்க்கரை ஆலையில் இந்த வேலைக்கு வந்தவர்கள், மலையிலிருந்து இறங்கிய அவனைப் போன்றவர்களும் வடக்கனந்தல் பக்கத்துக் கூலிப் பெண்களும்தான்.

கந்தகம் எரிந்து வரும் வாயுதான் கரும்புச் சாற்றை வெளுக்கும். சாறு காய்ச்சும் கொப்பரைகளைக் கழுவும் நேரத்தில் சாறு வருவது நின்றுவிடும். உலையோ உடனே அணையாது. அப்போது வரும் வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீர் பொழியும் கோபுரத்துக்குள் விட்டால், சுண்ணாம்பு அதைப் பிடித்துச் சேறாக்கிவிடும். இந்த அரவைப் பருவத்தில் முதலாளி சிவசங்கர் செலவு மிச்சம் என்று சுண்ணாம்பை நிறுத்திவிட்டார். காய்ந்த கோபுரத்தின் மேல்மூடியைச் சங்கிலியால் இழுத்துத் திறந்து வாயுவை வெளியே விட்டார்கள்.

முதலில் கொப்பரைகளை மத்தியானத்தில் கழுவினார்கள். புகை பட்டுப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இருமினார்கள். “விடிகாலைல கழுவுவோம். பனி எறங்கிக்கினு இருக்கும். பொகைய அதுவே முழுங்கிடும்” என்று யோசனை சொன்னவன் வெற்றிசெல்வன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பனிக்குள் போன வெண்புகை கண்ணுக்குத் தெரியவில்லை. இருமலும் நின்றது.

மார்கழித் தூறல் விட்ட அன்று ஆலையை ஒட்டிய பள்ளத்தில் குத்தகைக்கு மரவள்ளி போட்டிருந்த அவன் அத்தை வெள்ளச்சி ஒரு மரவள்ளிக் கிளையோடு ஆலை வாசலுக்கு வந்தாள். இலைகளில் நரம்புகளுக்கு நடுவே தீப்பட்டது போல் வெளுத்த திட்டுகள்.

“இன்னா நோவுன்னே தெரியல மருமவனே. காடு பூரா இப்பிடித்தான் கீது. கெழங்கு வெக்கலன்னா தைக்கு மேல குத்தகைய வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. நீ படிச்சவங்களோட பொழங்கறவன். இன்னா மருந்து அடிக்கறதுன்னு கேட்டுச் சொல்லு.”

சாறு சோதிக்கும் அறையில் வேலை பார்க்கும் தேவிப்ரியாவிடம் அவன் கிளையைக் காட்டினான். அவள் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கரும்புச் சக்கையை மூடியிருந்த தார்ப்பாயின் குழியில் தேங்கிய தூறல் தண்ணீரில், புளிப்பைக் காட்டும் சோதனைக் காகிதத்தை நனைத்தாள்.

“சுத்தமான மழைலயும் லேசா புளிப்பு இருக்கும்ணா. காத்துல இருக்கற கரியமில வாயு கரையறதால. அதுக்குக் காயிதம் மஞ்சளாத்தான் மாறும். இத பாருங்க.”

காகிதம் சிவந்திருந்தது.

“அப்ப பனி பொகைய முழுங்கலயா?”

“முழுங்கிடுச்சு. அதாண்ணா வெனையே.”

அவள் விளக்கினாள். மூடுபனி என்பது மிதக்கும் தண்ணீர். கந்தக வாயு அந்தத் துளிகளில் கரைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேரச் சேரக் கந்தக அமிலமாகிறது. குளிர்ந்த காலைக் காற்று மேலே ஏறுவதில்லை. மூடி போட்ட பாத்திரம் போலப் பள்ளத்திலேயே கிடக்கிறது. அனல்மின் நிலையத்துப் புகையும் வண்டிகள் கக்கும் நைட்ரஜன் வாயுக்களும் உயரப் போய், வெகுதூரம் தாண்டி அமில மழையாக இறங்கும். இவர்களுடைய புகை பக்கத்துக் காட்டிலேயே இறங்கிவிட்டது. இலையைச் சுட்டதோடு அது நிற்காது. மண்ணுக்குள் போய், பயிர் உண்ண வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து ஓடைக்கு இழுத்துப் போகும். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தை அவிழ்த்துவிடும். வேரை முடக்குவதும் ஓடை மீனைக் கொல்வதும் அதுதான்.

மதியம் தூக்குவாளியைத் திறந்த வெற்றிசெல்வன் உடனே மூடினான். உள்ளே இருந்தது அத்தையின் காட்டில் விளைந்த மரவள்ளிக் கிழங்கு.

“பனியில தொறந்தா யாருக்கும் நோவாதுன்னு நெனச்சேன்க்கா.”

“சொன்னது நீ. சங்கிலிய இழுத்தது யாரு? நானு. ஒங்க வூட்டுச் சொத்து மாதிரி மொத்தத்தையும் நீயே வெச்சிக்காத” என்றாள் பாப்பாத்தி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஆலையாட்கள் சிவசங்கர் முன் நின்றார்கள்.

“கோபுரத்துல சுண்ணாம்பு ஓடட்டும் மொதலாளி. இல்லன்னா உலைய பத்த வெக்க மாட்டோம்” என்றான் வெற்றிசெல்வன்.

“கரும்பு லாரி வரிசையா நிக்குது, இப்பத்தான் ஒனக்கு ஞானம் வந்துச்சா? காட்டுல எலை கருகுனா நானாடா பொறுப்பு? பூச்சி அடிச்சிருக்கும்.”

“பூச்சி தார்ப்பாய்த் தண்ணிய புளிக்க வெக்காதுங்க சார்” என்றாள் தேவிப்ரியா.

“ஒன் காயிதத்த எடுத்துக்கினு உள்ள போம்மா.” அவர் வெற்றிசெல்வன் பக்கம் திரும்பினார். “விடிகாலைல தொறக்கலாம்னு ஐடியா குடுத்தது எந்த தொரை? ஒங்க அத்தைகிட்ட நானே சொல்லட்டுமா?”

“நேத்து சாயந்திரமே சொல்லிட்டேங்க.”

“இன்னா சொன்னா?”

“கதவ சாத்திக்கினாங்க.”

சிவசங்கர் சாயங்காலத்துக்குள் சின்னசேலத்திலிருந்து வேறு ஆட்களை இறக்குவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாப்பாத்தி சம்மட்டியைக் கீழே போட்டு, குளிர்ந்த உலைக்கு முன் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. பனி விலகியபோது வாசலில் மலைக்காரர்கள் நின்றது தெரிந்தது. முன்னால் வெள்ளச்சி. அவள் வெற்றிசெல்வனைக் கடந்து வந்து பாப்பாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வேற ஆளு வர்றாங்களாமே?”

“வருவாங்க. அவங்களுக்கும் எடுத்துச் சொல்லணும்” என்றாள் பாப்பாத்தி.

வெள்ளச்சி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். “அந்தச் சுண்ணாம்புத் தண்ணி பொகைய எப்பிடிடா புடிக்கும்? வெவரமா சொல்லு. வர்றவங்களுக்கு நானும் சொல்லணுமில்ல.”

கேட்டபோதும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சற்றுத் தள்ளிக் குத்தவைத்துச் சொல்லத் தொடங்கினான். குரல் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள், காதில் விழ வேண்டும் என்று, நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.