கத்தரி பிடிக்கிற கை

தையல் மெஷின் சத்தத்தையும் மீறிப் பின்னறையிலிருந்து தொம் தொம்மென்று கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்தாள். தம்பிக்கு நாற்பது நெருங்குகிறது, தலையில் பாதி நரை. கராத்தேயில் சேர்ந்து இன்னும் பெல்ட்டின் நிறம்கூட மாறவில்லை, அதற்குள் எலும்பை இரும்பாக்கக் கிளம்பிவிட்டான்.

கேன்வாஸ் துணியை மடித்துச் சுவரில் ஆணியடித்து அதில்தான் முஷ்டியால் குத்துவான். அலுத்துப்போனால் கண்ணாடி பாட்டிலை எடுத்துக் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின்மேல் உருட்டுவான். கேட்டால், அடிபட அடிபடத்தான் எலும்பு கெட்டிப்படும் என்று மொபைலில் எவனோ சொன்னதை ஒப்பிப்பான். சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய்தான் வலித்தது. அவர்களுடைய தையல் கடையில் துணி வெட்டுவது அவன், தைப்பது அவள். கோட்டுத் துணியில் அவன் கத்தரி வழுக்கிக்கொண்டு போகும் அழகைப் பார்க்கவே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள். அந்தக் கையைத்தான் கொண்டுபோய்ச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலையில் கத்தரி கீழே விழுந்தது. ஒன்றுமில்லை என்று அவன் கையை மேஜைக்கடியில் ஒளித்தான். வாடிக்கையாளரின் சாம்பல் நிறத் துணியில் வெட்டு எலி கடித்த மாதிரி கோணிப் போயிருந்தது. அக்கா அவன் கையை இழுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

அக்கா கடையை அவன் தலையில் கட்டிவிட்டு நேரே கராத்தே வகுப்புக்குச் சண்டைக்குப் போனாள். மாஸ்டர் அவளைவிட இளையவள், தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி கையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

மாஸ்டர் சுருட்டியதை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மறுபடியும் வீங்கிடுச்சா?"

அப்புறம் மாஸ்டர் கொட்டித் தீர்த்தாள். தண்டால் எடு, கயிறு தாண்டு, மணிக்கட்டு மடங்காமல் குத்தப் பழகு, நடுவில் ஓய்வு கொடு, உடம்பு தன் போக்கில்தான் உறுதிப்படும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். சுவரில் குத்தினால் வகுப்புக்கே வராதே என்றும் சொல்லியாயிற்று. எல்லாவற்றுக்கும் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

"வீட்டுல நீங்களாவது சொல்லக்கூடாதா, அக்கா?"

சண்டைக்குப் போனவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இருவருமாகச் சேர்ந்து அவனை வறுத்தெடுத்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னைக்கு கடையில அந்த ஆளு, தச்ச கோட்டைச் சுருட்டி உன் மூஞ்சில எறிஞ்சான். நான் மரம் மாதிரி நின்னேன்."

அக்காவுக்கு அது மறந்தே போயிருந்தது. மாவுக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கோட்டுல தோள் நிஜமாவே கோணல்டா. பிரிச்சுத் தச்சுக் குடுத்தேன், வாங்கிட்டுப் போயிட்டான். அவனுக்காகவா கையை உடைச்சுக்கிட்ட?"

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

கட்டுப் பிரிக்கிறவரை வெட்டு வேலையும் அவள் தலையில் விழுந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டு, துணியை இழுக்காதே என்று உயிரை வாங்கினான். கத்தரியாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு.

கட்டுப் பிரித்தபின் விரல்கள் மெல்லத்தான் மடங்கின. கேன்வாஸை அவளே பிய்த்து எறிந்தாள். அவன் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும், நம்பிக்கையில்லாமல் கூடவே போய்ப் பெஞ்சில் காவல் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் ஒரு கயிற்றை அவள் கையில் கொடுத்து, கொஞ்சமாகத் தாண்டுங்கள் என்றாள். தம்பி பார்க்கிறானே என்ற வீம்பில் அக்கா நிறுத்தவே இல்லை.

மறுநாள் மெஷினை மிதிக்கக் கால் எழவில்லை. தம்பி எண்ணெய்ப் புட்டியோடு வந்து அவள் காலடியில் குந்தினான்.

"கொஞ்சமாத்தானேக்கா தாண்டச் சொன்னாங்க? சொன்னா கேட்க மாட்டியா நீ?"

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் தேய்க்கச் சொன்னாள்.