பக்கத்து இருக்கை

1

எழுந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். பால் காய்ச்சுகிறேன், காயும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். முதலில் காலர், பிறகு கை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவுகிறேன். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறேன்.

இந்தக் கதை இஸ்திரி போடும்போது வந்தது. வேறு பெருமையான காரணம் எதுவும் இல்லை. கைப்பேசி அடித்தது. தாத்தா.

தாத்தாவுக்கு வயது முப்பது. தலை முழுக்க நரை. போர் விமானிகள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர்களில் இரக்கம் பார்ப்பதில்லை. அதே படைப்பிரிவில் பறந்த என் மனைவிக்கு ஆணி என்று பெயர். இருக்கையில் உட்கார்ந்தால் பிடுங்க முடியாதாம். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவளை அக்கா என்று கூப்பிட்ட பழக்கத்தில் தாத்தா என்னை இன்னும் மாமா என்கிறான்.

"மாமா, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள ராஜினாமா கொடுக்கலைன்னா ஏர்லைன்ஸ்ல கிடைச்ச இடம் போயிடும்."

"சரி."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அக்காவுக்கும் இதே மாதிரி இடம் கிடைச்சுதே. அவங்க என்ன முடிவு பண்ணியிருந்தாங்க?"

"தெரியலை."

"உங்ககிட்டகூடவா சொல்லலை?"

"இல்லை."

இஸ்திரிப் பெட்டி காலர்மேல் நின்றுவிட்டிருந்தது. வேறு சட்டை போட்டுக்கொண்டு போனேன். மாலையில், எழுதிப் பார்க்கிறேன் என்று தாத்தாவுக்குச் சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். அவளை எழுதிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அவளே முடிவெடுத்துவிடுவாள், அதைத் தாத்தாவிடம் சொல்லிவிடலாம் என்று கணக்கு.

2

"வானத்துக்கென்றே பிறந்தவள் அவள் —"

(நிறுத்திவிட்டேன். வானம் என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டதில்லை. 'வெதர்' என்பாள். வெதர் சரியில்லை, வெதர் பரவாயில்லை. அவ்வளவுதான்.)

"அந்த இரும்புப் பறவையின் நெஞ்சுக்குள் —"

(படித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.)

"அன்று காலை அவள் —"

(இது இப்போது வேண்டாம்.)

"விமானி ஒருத்தி தன் வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும். அழகில்லை, உண்மை. கணவனை இதில் 'அவன்' என்று எழுதப்போகிறேன். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் அவனால் தொந்தரவு இருக்காது.

3

விமானி ஒருத்தி தன் வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

படையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் விடுகிறவர்கள்தான். எப்போது என்பதில்தான் தலைவலி. சீக்கிரம் போனால், கற்றதைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் கிளம்பிய குறை. தாமதித்தால் ஏர்லைன்ஸ் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அங்கே சேர்ந்த தேதிதான் தலையெழுத்து. எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன், எல்லாம் அந்த வரிசைப்படி. எத்தனை வருடம் போர் விமானம் ஓட்டியிருந்தாலும் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால்தான் இடம்.

படைப்பிரிவின் ஓய்வறையில் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"சட்டுபுட்டுன்னு கிளம்புங்க அக்கா," என்றான் தாத்தா. "யோசிச்சுக்கிட்டே இருந்தா உங்க தலையும் என் தலை மாதிரி ஆயிடும்."

"உன் தலை ஏர்லைன்ஸுக்கு நல்லதுடா. பாக்கிறவங்க, 'ஆகா, எவ்வளவு அனுபவம்'னு நிம்மதியா தூங்குவாங்க."

"நீங்க போயிட்டா எங்களை யார் திட்டுறது?"

"அதுக்குன்னு ஒரு ஆளைப் போடாமலா இருப்பாங்க?"*

வீட்டில் அவள் கணவன் ஒளிவுமறைவில்லாமல் போகச் சொன்னான். அவன் லிஃப்ட் பொருத்தும் நிறுவனத்தில் பொறியாளன்.

"எனக்கு நீ முழுசா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்."

"நீயும் ஆளுங்களை மேலே கீழே அனுப்புறவன்தானே? உன் லிஃப்ட் நடுவுல நின்னா நான் ஏதாவது கேட்டேனா?"

* இது தாத்தா வழியாகக் கேட்டது. அவன் சொன்னபடி எழுதினால் எல்லா நல்ல வசனமும் அவனுக்கே போய்விடும். குறைத்திருக்கிறேன்.

4

ஏர்லைன்ஸ் தேர்வு ஒரு பெரிய பெட்டிக்குள் நடந்தது. உள்ளே விமானத்தின் முன்பகுதி அப்படியே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை படமாகத் தெரியும். இடது இருக்கையில் விமானி. வலது இருக்கையில் நிறுவனத்தின் துணை விமானி. பின்னால் பரிசோதகர்.

புறப்பட்ட உடனே பரிசோதகர் ஓர் இன்ஜினை அணைத்தார். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. அவள் காலால் பிடித்து நேராக்கினாள். சக்கரம், வேகம், எரிபொருள், தீ எச்சரிக்கை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடித்தாள். கை நீட்டித் துணை விமானிக்கு முன்னால் இருந்த நெம்புகோலையும் தானே இழுத்தாள். பூப்போல இறக்கினாள். பேசவே இல்லை.

"இவ்வளவு சுத்தமா இதை ஓட்டி நான் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றார் பரிசோதகர்.

"நன்றி சார்."

"பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார். அவர் பாட்டுக்கு நல்லா இருந்தார்."

துணை விமானி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஒற்றை இருக்கை விமானம் ஓட்டியவர்கள் மட்டுமே செய்யும் தப்பு இது. வாழ்நாளெல்லாம் தனியாகவே பறந்தவளுக்குப் பக்கத்து இருக்கை என்று ஒன்று இருப்பதே கைக்குப் பழகவில்லை. ஏர்லைன்ஸில் ஓட்டுகிறவர் கேட்க வேண்டும், மற்றவர் செய்ய வேண்டும், செய்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தானே இழுத்துவிட்டால், எவ்வளவு சரியாக இழுத்தாலும், அது தப்பு.

"கேக்கக் கத்துக்கிட்டு வாங்க," என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

5

அலமாரிக் கதவில் விமான முன்பகுதியின் பெரிய படம் ஒன்றை ஒட்டினாள். அதற்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டாள். வலது நாற்காலி கணவனுக்கு.

"சக்கரம் இறக்கு."

"இறக்கிட்டேன்."

"இறக்கிட்டேன் இல்லை. 'சக்கரம் இறக்கு'ன்னு நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அப்புறம் இறக்கணும். அப்புறம் விளக்கு மூணும் எரியுதான்னு பாத்துச் சொல்லணும்."

"எரியுது."

"எங்க பாத்தே? அது ரேடியோ."

திட்டிக்கொண்டே அவளே கை நீட்டிப் படத்தில் சக்கரத்தை இறக்கிவிட்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்தான்.

"இது என் வேலை."

"ஆமா. உன் வேலை. மன்னிச்சுக்கோ."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயால் கேட்டு அவன் அதிர்ச்சி அடைந்தான்.

அந்த நேரம் அவள் அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். மகளும் மருமகனும் அலமாரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"தரையிறங்கிட்டு இருக்கோம் அத்தை."

"இறங்கினதும் யாராவது ஒருத்தர் வந்து இந்தப் பையை வாங்குங்க. கை கழண்டுடும்போல இருக்கு."

(அத்தை அன்று வரவில்லை, மறுநாள்தான் வந்தார். சேர்த்துவிட்டேன். அந்த நாட்கள் எல்லாம் ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன.)

இரண்டாவது தேர்வில் பேசினாள். ஓட்டியதைவிடப் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள். இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

6

இங்கே ஒரு சந்தேகம். இந்தப் பெண் கொஞ்சம் அதிகமாகவே நல்லவளாக வருகிறாள். வாசகர் நம்ப வேண்டாமா? குறைகள் எழுதுகிறேன்: ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவாள். வாக்குவாதத்தில் தோற்க மாட்டாள். தோற்றால் தலைப்பை மாற்றிவிடுவாள். நான் கார் ஓட்டும்போது இல்லாத பிரேக்கை மிதிப்பாள்.

போதவில்லை. குறை சொல்ல ஆரம்பித்தாலும் அவள் பக்கமே சாய்கிறது. விட்டுவிடுகிறேன். எனக்கு அவளைப் பற்றிப் பெருமைதான். அதை மறைத்து எழுதும் அளவுக்கு நான் எழுத்தாளன் இல்லை.

அந்த மாதத்திலேயே இன்னொன்று நடந்தது. புதிதாக வந்த விமானி ஒருத்திக்கு மேகத்துக்கு மேலே கருவிகள் எல்லாம் செத்துப்போயின. உயரம் தெரியாது, வேகம் தெரியாது. ரேடியோ மட்டும் இருந்தது. கீழே தரை வரைக்கும் மேகம். ஆணி தன் விமானத்தை அவளுக்குப் பக்கத்தில், இறக்கைக்கு இறக்கை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என் இறக்கை நுனியில இருக்கிற விளக்கைப் பாரு. அது போற இடத்துக்கு நீயும் வா. வேற எதையும் பாக்காதே."

"கீழே எதுவுமே தெரியலை மேடம்."

"உன்னை யாரு கீழே பாக்கச் சொன்னா?"

இறங்கும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாளாம். அவள் இத்தனை பேசி யாருமே கேட்டதில்லை என்றான் தாத்தா. ஓடுபாதை கண்ணில் பட்டதும், "அதோ இருக்கு, இறக்கு," என்று சொல்லிவிட்டு, அவள் மட்டும் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, தனியாக வந்து இறங்கினாள்.

பரிசோதகர் இதைப் பார்க்காமல் போய்விட்டார். உதவி செய்ய அவளுக்கு வாய் இருந்தது. உதவி கேட்கத்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே கணவனிடம் அவள் சொன்னது: "இன்னைக்கு ஒருத்தி ரொம்ப நல்லா இறங்கினா." அவ்வளவுதான். மீதியை அவன் இறுதிச் சடங்கில்தான் கேள்விப்பட்டான்.

7

முடிவுகள்.

அ. அவள் போகிறாள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. கணவன் பயணியாக ஏறுகிறான். கால் நீட்ட இடமில்லை. ஒலிபெருக்கியில் அவள் குரல்: வெதர் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "இது யாரு தெரியுமா —"

(முடிக்க முடியவில்லை.)

ஆ. அவள் இருக்கிறாள். புது விமானிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் திட்டி ஆளாக்குகிறாள். கணவன் இடமாற்றத்துக்கு இடமாற்றம் அலமாரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறான். முணுமுணுக்கிறான். ஆனால் —

(இதுவும்.)

இ. நடந்தது.

 பறவை. இன்ஜினுக்குள். தாழ்வாகப் பறக்கும்போது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

8

வியாழக்கிழமை தாத்தா கூப்பிட்டான்.

"என்ன மாமா, எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். முடிவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்."

"அப்போ அக்கா என்ன நினைச்சாங்கன்னு —"

"கடைசி வரைக்கும் அவ வாயைத் திறக்கலை. எழுதியும் திறக்கலை."

"அவங்க பண்ணினதையே நானும் பண்ணிடலாம்னு இருந்தேன் மாமா."

"அவ யாரையும் கேக்கலைடா. நீ கேக்குறே. ஏர்லைன்ஸ் உனக்குத்தான் சரியா வரும்."

"இதை அக்கா கேட்டிருந்தா என்னை மிதிச்சிருப்பாங்க," என்றான். சிரித்தான். மூக்கை உறிஞ்சினான். போவதா இருப்பதா என்று சொல்லாமலே வைத்துவிட்டான்.

ஆகவே வாசகரே, அவள் முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். மேலே இருப்பதெல்லாம் உங்களுக்கு. எதைச் சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கீழே இருப்பதை மட்டும் மாற்றாதீர்கள். அது கதை இல்லை.

மாதக் கடைசி நெருங்கியிருந்தது. அன்று காலை வெளிச்சம் வந்துவிட்டது. அவள் சீருடையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் படுத்தபடியே அவள் முகத்துக்கு நேரே போய், "என்ன முடிவு பண்ணினே? இன்னைக்காவது சொல்லு," என்றேன். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சிரித்தாளா என்று நினைவில்லை. சிரித்தாள் என்று எழுதினால் பொய்.

"நீ முதல்ல போய் பல்லை விளக்கு," என்றாள்.