இடது பக்கம் இழுத்த கார்

சத்தியமூர்த்தி செட்டியார் வீட்டுக் கல்யாணக் காரைத் தானே ஓட்டி வருகிறேன் என்று மெக்கானிக் கோபிநாத் ஒற்றைக்காலில் நின்றபோது, மரியாதை தெரிந்த பிள்ளை என்று எல்லோரும் நினைத்தார்கள். மரியாதையாவது ஒன்றாவது! பயம்தான் அவனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தது.

கண்டனூரில் செட்டியாருக்கும் பங்காளிகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய வீடு. கல்யாணம், காரியம் என்றால்தான் கதவு திறக்கும். அங்கே நின்ற செட்டியாரின் பழைய காரை மகள் விசாலியின் கல்யாணத்துக்காக வெளியே எடுத்தார்கள். ஸ்டீயரிங் கடகடவென்று ஆடியது. காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கோபிநாத், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கை மாற்றிக் கொடுத்தான். ஆட்டம் நின்றது. ஆனால் கார் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது.

"நீங்க கை வச்ச பெறகுதான் இழுக்குது," என்றார் செட்டியார்.

அந்த ஒரு வார்த்தை அவன் தூக்கத்தைக் கெடுத்தது. டயரில் காற்றைப் பார்த்தான். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டான். அப்போதும் இடது பக்கமே இழுத்ததால் கோளாறு டயரில் இல்லை என்று தெரிந்தது. ராக்கைக் கழற்றி மறுபடி மாட்டினான். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் வீல் அலைன்மென்ட் மிஷினிலும் எல்லாம் சரி என்று பச்சையாகவே வந்தது. தான் கை வைத்த இடத்தையே திரும்பத் திரும்பக் குடைந்தானே தவிர, வேறு எங்காவது பார்ப்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பழி விழுந்தவனுக்குப் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அலைன்மென்ட் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். வலது சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அது வலது பக்கம் இழுக்கும், இரண்டும் சரிக்குச் சரியாகி வண்டி நேராகப் போகும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். கோபிநாத் சாய்த்து வைத்தான். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. செட்டியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். வழியில் மறுபடி இழுத்தால் என்ன செய்வது என்றுதான் காரைத் தானே ஓட்டுவதாக அவன் அடம்பிடித்தான்.

தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கண்டரமாணிக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் இருவரும் பின் சீட்டில், செட்டியார் முன்னால். சீர் சாமான் ஏற்றிய வேன் பின்னால் வந்தது. அதில் கண்டனூர் வீட்டுக் காவல்காரர் மலையாண்டி இருந்தார். ராகுகாலத்துக்குள் அந்த வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும், வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது என்று செட்டியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கண்டனூரை விட்டதுமே கார், அவன் சாய்த்து வைத்த வலது பக்கம் போகப் பார்த்தது. கோபிநாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரைக்குடி நெரிசலில் பிரேக்கை மிதித்து மிதித்து வெளியே வந்தபோது நேராக ஓடியது. குன்றக்குடி தாண்டியதும் இடது பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங் கோளாறு இப்படி நேரத்துக்கு ஒரு பக்கம் போகாது. சூடு ஏற ஏற மாறுவது பிரேக்காகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தான். கார் இடது பக்கம் பாய்ந்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. விசாலி மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கருகல் வாடை காருக்குள் ஏறியது.

செட்டியார் வண்டியை எடுக்கச் சொன்னார். ராகுகாலம் நெருங்குகிறது, மாப்பிள்ளை வீட்டார் ஆலத்தித் தட்டோடு நிற்பார்கள், பெண் வந்த வண்டி நடுவழியில் நின்றதென்றால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று அவசரப்படுத்தினார். மெதுவாக உருட்டிப் போய்ச் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று கோபிநாத்துக்கும் ஆசை வந்தது. கியரில் கைகூட வைத்துவிட்டான். பிறகு சாவியைத் திருகி எடுத்தான்.

"எறங்குங்கண்ணே. கோளாறு தீரல. தீந்த மாதிரி நாந்தான் சக்கரத்தச் சாச்சு வச்சேன்."

செட்டியாருக்கு முகம் கறுத்தது. "எம் பொண்ணு ஏறுற வண்டின்னு தெரிஞ்சுமா செஞ்சீக?"

"தெரிஞ்சுதாண்ணே."

கோபிநாத் இறங்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்து வலது முன் சக்கரத்தில் ஊற்றினான். வழிந்து ஓடியது. இடது சக்கரத்தில் ஊற்றியதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பிரேக் பிடித்த பிடியை விடாமல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கார் ஓடியதா என்று வேனிலிருந்து இறங்கி வந்த மலையாண்டியிடம் கேட்டான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் செய்து வைத்ததாக அவர் பெருமையாகச் சொன்னார். நகர்த்தினீர்களா என்றதற்கு அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்குட்டு நகட்டுறது? வெளிக்கேட்டுச் சாவி கோயம்புத்தூருப் பங்காளிகிட்டல்ல இருக்கு."

எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்று பங்காளிகளைக் கூட்டி அந்த ஏற்பாட்டைச் செய்தவரே செட்டியார்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, சக்கரம் உருளவே இல்லை. நின்ற இடத்திலேயே பிரேக் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்டீயரிங் ஆடியவரை அந்த இழுப்பு யாருக்கும் தெரியவில்லை.

செட்டியார் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றினார். பித்தளை அண்டாக்களுக்கு நடுவே மாலையைத் தூக்கிப் பிடித்தபடி விசாலி உட்கார்ந்தாள்.

"நிறுத்துனீக, அதுக்குக் கும்புடுறேன்," என்றார் செட்டியார். "இனிமே என் வண்டியத் தொடாதீக."

கோபிநாத் சரியென்று தலையாட்டினான். வேன் கிளம்பும்போது விசாலி தலையை நீட்டி, புளியமரத்தை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.