பூஜ்யத்திலிருந்து எடுத்த தாலாட்டு

"வதந்திகளை நம்ப வேண்டாம். ஒலிக்கூடு எங்கேயும் போகவில்லை." இந்த இரண்டு வரியை எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதினாள் என்பதுகூட மிகை. பழைய பதிலிலிருந்து எடுத்துப் புதிய கேள்விக்கு அடியில் ஒட்டினாள், அவ்வளவுதான். ஒலிக்கூடு என்பது பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள். படுக்கையறை மூலையில் ஒரு மைக்கை நட்டு வைத்திருப்பவர்களிலிருந்து, அவள் தம்பியைப்போல் தனியாக ரெக்கார்டிங் அறை வைத்துப் பிழைப்பவர்கள்வரை அதை நம்பி இருந்தார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதுதான் கம்பெனியில் அவளுக்கு வேலை. பயனர் மன்றத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

ஒரு வருஷமாக அங்கே வந்த சந்தேகம் ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் வேறு. புது வெர்ஷன் ஏன் இன்னும் வரவில்லை? இணையதளத்தில் போன வருஷத்து அறிவிப்பே ஏன் தொங்குகிறது? "நான் சொன்ன எல்லாப் பிழைக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னே பதில் வருது. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது" என்று ஒருவர் எழுதினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அதற்கு மேல் யாரும் பதில் எழுத முடியாதபடி அந்தப் பேச்சைப் பூட்டினாள்.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒலிக்கூடு ஒவ்வொரு பாட்டையும் மூட்டை கட்டி வைக்கும். அதை வேறு எந்த மென்பொருளாலும் அவிழ்க்க முடியாது. ஒலிக்கூடுமே சும்மா அவிழ்க்காது, கம்பெனியின் சர்வரிடம் அவ்வப்போது அனுமதி கேட்கும். சர்வர் ஓய்ந்துவிட்டால் மூட்டை மூட்டையாகவே கிடக்க வேண்டியதுதான்.

ஒருநாள் மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். "கம்பெனியை வாங்கப்போறவங்களுக்கு நம்ம ஆளுங்கதான் வேணும், ஒலிக்கூடு வேணாம். மூடப்போறோம். பேச்சு முடியற வரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது. வீட்டுலகூட."

வேண்டிய ஆட்களின் கணக்கில் அவளும் இருந்தாள். தலையை நன்றாகவே ஆட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரக் கடைசியிலேயே தம்பி வீட்டுக்கு வந்தான். சொந்தக்காரர்களுக்கு அவன் பெயர் 'உஷ்'. எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறி இரைகிறது, குழாய் சொட்டுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு எல்லோரையும் அடக்குவான். அன்றைக்கும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

"அக்கா, என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது. புதுசு வாங்கணும். ஆனா புதுசுல பழைய ஒலிக்கூடு ஓடாதாமே?"

"ஓடாது. புது வெர்ஷன்தான் ஓடும்."

"அது வருமா? மன்றத்துல ஆளாளுக்குக் கருமாதி நடத்திட்டு இருக்காங்க. எதுக்கும் எல்லாப் பாட்டையும் சாதாரண ஒலிக்கோப்பா எடுத்து வச்சுட்டு மாத்திடலாமான்னு பார்க்கிறேன். அறையை மூடிட்டு ஒரு மாசம் உட்காரணும். நீ சொல்லு."

எடுத்து வைடா என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்று அவன் கேட்பான், கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள். பாத்திரம் துலக்குகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

"அதெல்லாம் தேவையில்லை. தாராளமா மாத்து. புது வெர்ஷன் வரும்."

"அது போதும்," என்றான். குரலில் அப்படியொரு நிம்மதி. அவன் போனபிறகும் அவள் அதே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

பொய் அவனோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் அவன் மன்றத்தில் போய் எழுதினான்: "என் சொந்த அக்காவே அங்கேதான் வேலை செய்றாங்க. கேட்டுட்டேன். புது வெர்ஷன் வருது. நான் இன்னைக்கே கம்ப்யூட்டரை மாத்துறேன்." அதற்குக் கீழே நன்றிகள் குவிந்தன. அப்பாடா, நானும் மாத்துறேன் என்று வரிசையாகக் கிளம்பினார்கள். அவள் எல்லாவற்றையும் படித்தாள். பூட்டுகிற பொத்தான் பக்கத்திலேயேதான் இருந்தது. மற்ற நாளெல்லாம் சட்டென்று பூட்டுகிற கை அன்றைக்கு எழவில்லை.

அறிவிப்பு வந்தபோது அதை எழுதியவளும் அவள்தான். ஒலிக்கூடு நிறுத்தப்படுகிறது, மாதக் கடைசியில் சர்வர் அணைக்கப்படும். "ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக, பூஜ்யத்திலிருந்து, அதாவது பதிவின் முதல் நொடியிலிருந்து, எதையும் வெட்டாமல் எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால்தான் பிற்பாடு ஒன்றோடு ஒன்று பொருந்தும்." நல்ல யோசனைதான். வீடு பற்றி எரிந்தபின் வாளி எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி நல்ல யோசனை.

மன்றம் கொதித்தது. ஆனால் அடி அவள்மேல் விழவில்லை, தம்பிமேல் விழுந்தது. எங்கே உன் அக்கா, எங்கே உன் புது வெர்ஷன், உன்னை நம்பித்தானே மாற்றினேன் என்று கிழித்தார்கள். பாட்டுகளை ஒரு டிஸ்க்குக்கு மாற்றி, பழைய கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டு, திறக்க முடியாத மூட்டைகளோடு அவனே நடுத்தெருவில் நின்றான். அந்த நிலைமையிலும் ஒரு பதில் போட்டிருந்தான்: "அக்காவுக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லியிருப்பா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பெல்லாம் ஆரம்பத்தில்தான். அந்த வரியைப் படித்தபிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆபீஸ் லேப்டாப்பில் பழைய ஒலிக்கூடு மாதக் கடைசிவரை ஓடும். விடுப்புப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு தம்பியின் ரெக்கார்டிங் அறைக்குப் போனாள். வாசலில் நின்ற தம்பி மனைவி, "வாங்க அண்ணி. நீங்களாவது வந்தீங்களே, மூணு நாளா அவர் யாரோடயும் பேசலை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கிறீச்சிடும் நாற்காலிக் காலுக்குத் துணி சுற்றியிருந்தான். மூட்டைகள் இருந்த டிஸ்க்கை அவள் லேப்டாப்பில் செருகினான். "எவ்வளவு மீட்க முடியுமோ மீட்போம்," என்றான். குறை சொல்லும் குரலே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒலிக்கூட்டுக்கு ஒரு பழைய குணம். ஒரு குரலை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பாட்டை முழுக்க ஓடவிட்டால்தான் எடுத்துக் கொடுக்கும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. இதை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். பரிசீலனையில் உள்ளது என்று அவளும் சளைக்காமல் சொல்லியிருந்தாள். இப்போது வகையாக மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்டாள். வெறும் தாளம், வெறும் புல்லாங்குழல், வெறும் குரல்.

மத்தியானம் ஒரு தாலாட்டு வந்தது. "இந்தம்மா தையல்கடை வச்சிருக்காங்க," என்றான் தம்பி. "பொண்ணு மாசமா இருக்கா. பேரப்பிள்ளைக்காக அவங்களே கட்டின பாட்டு. ஒரே தடவைதான் பாடினாங்க. மறுபடி கேட்டா அழுதுடுறாங்க."

குரலை மட்டும் தேர்ந்து ஓடவிட்டாள். பாட்டு தொடங்குமுன் இருந்த பேச்சை, பாட்டில் கேட்காதபடி தம்பி மறைத்து வைத்திருந்தான். பூஜ்யத்திலிருந்து எடுத்ததால் அதுவும் வெளியே வந்தது. நாற்காலி நகர்ந்தது. ஓர் இருமல். பிறகு அந்த அம்மாவின் தயங்கிய குரல்: "இதெல்லாம் அழிஞ்சு கிழிஞ்சு போயிடாதே தம்பி?"

தம்பியின் குரல் சிரித்தது. "அதெல்லாம் எங்கேயும் போகாதும்மா. எங்க அக்காவே அந்தக் கம்பெனிலதான் இருக்கா. ஏதாவதுன்னா என்கிட்ட சொல்லாம இருப்பாளா? நீங்க பயப்படாம பாடுங்க."

அந்த அம்மா பாட ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள் அவள். "நீ சமையலறையில கேட்டப்பவே தெரியும்."

அவன் திரும்பிப் பார்த்தான். வேறு நேரமாக இருந்தால் எழுந்து போயிருப்பான், கத்தியிருப்பான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், உதட்டில் விரலை வைத்தான். இருவரும் அசையாமல் தாலாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சொல் அடங்கி, அறையின் அமைதியும் கொஞ்சம் பதிவான பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"ஏன்க்கா?"

சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க என்று நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கினாள். "வேலை போயிடும்னு பயந்தேன்."

"நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"முன்னாடி இருக்கிற அந்தப் பேச்சை வெட்டிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேணாம். எதையும் வெட்டாம எடுத்தாத்தான் பொருந்தும்னு நீதானே எழுதின?" கோப்புக்குப் பெயரிட்டுச் சேமித்தான். "இந்தம்மாகிட்ட என் வாயால சொன்னது. அப்படியே இருக்கட்டும்."

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கோப்பைத் தன் புதுக் கம்ப்யூட்டரில் போட்டான். எந்த அனுமதியும் கேட்காமல் உடனே திறந்தது. ஸ்பீக்கரில் நாற்காலி நகர்ந்தது, அந்த அம்மா இருமினார், தம்பி சிரித்தான். ஏதாவதுன்னா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?

"திறக்குது," என்றான் அவளைப் பார்க்காமல். "அடுத்ததைப் போடு."