சுவர் குடித்த தண்ணீர்

வெயிலுமுத்து சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றபோது நான் பின்னறைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை அதுதான். துடைத்த இடத்தில் மறுநாள் மறுபடியும் பூசணம் பூத்திருக்கும். முதலில் சாம்பல் பொட்டுகளாக, பிறகு கறுப்பாக. என் மகள் சுந்தரி அந்தச் சுவரோரம்தான் படுப்பாள். மூன்று வயது. மூச்சு விடும்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தும்.

"போன வருசம்தானே அடிச்சேன் தாயி. அதுக்குள்ள வந்துட்டா?" என்றார் வெயிலுமுத்து.

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்கிட்டுத் தொட்டி கசியுது. அது காயாம இது போகாது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வருஷா வருஷம் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போகிறவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மாமனார் கட்டிய தண்ணீர்த் தொட்டி. கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருநாள். பஞ்ச வருஷத்தில் தெருவே எங்கள் வாசலில் குடத்தோடு நின்றதாம். மாமியார் ஜானகியம்மாள் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினாராம். அதைச் சொல்லும்போது, மாமனார் செத்துப்போன துக்கத்தையும் மீறி அத்தையின் முதுகு நிமிரும். அந்தத் தொட்டியைக் காலி செய்வது என்பது இந்த ஊரில் யாரும் வாயால் சொல்லக்கூடிய பேச்சு இல்லை.

அது மட்டுமா, பின்னறைக்குக் குளிர்ந்த அறை என்று பெயர் வேறு. சித்திரையில் வருகிற உறவுக்காரர்கள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, "கொடைக்கானல் கணக்கா இருக்கு" என்பார்கள். பிள்ளை பெற்று வந்த எனக்கு அந்த அறையை மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். மரியாதையாகக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது? மூன்று வருஷம் அந்தக் கேள்வியிலேயே நான் கிடந்தேன்.

என் கணவர் சண்முகராஜ் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்தார். தீப்பெட்டி செய்கிற சின்னத் தொழிற்கூடம், தெருமுனையில் அவர் நடத்துவது.

"ஏலே வெயிலுமுத்து, இந்தத் தடவை பூசணத்துக்குத் துத்தம் கொஞ்சம் கூடப் போடு. ரெண்டு தரம் அடிச்சிரு."

"சரி அண்ணாச்சி."

"அடிக்க வேண்டாம்," என்றேன். "சுவர் காயணும். அதுவரைக்கும் பாப்பா முன்னறையில படுக்கட்டும்."

"அங்கன பண்டல் அடுக்கியிருக்குல்லா? இங்கன கொண்டாந்து வச்சா தீப்பெட்டி நமுத்துப் போகும்."

"பிள்ளை நமுத்தா?"

அவர் சிரித்தார். "பாத்தியாலே பேச்சை," என்று வெயிலுமுத்துவைப் பார்த்தார். அவரும் சிரித்தார். உள்ளே சுந்தரி இருமினாள். இருவரும் சிரித்து முடிக்கும் வரை அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தால் நான் கத்துவேன் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. தலைக்குள் இரைச்சலெல்லாம் நின்றுபோயிருந்தது. கொல்லைப்பக்கம் போனேன். தொட்டியின் அடியில், கழுவிவிடுவதற்கான ஓட்டையைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். அம்மிக் குழவியால் இரண்டு பக்கமும் தட்டி அசைத்துப் பிடுங்கினேன். தண்ணீர் என் முழங்காலில் அடித்து, சாக்கடை வழியாகத் தெருவுக்கு ஓடியது.

அத்தை ஓடி வந்தார். "ஏட்டி, என்ன காரியம் செய்யுத? வீட்டு லட்சுமியத் தெருவுல விடுதியே."

"உங்க லட்சுமி மூணு வருசமா உங்க பேத்தி நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கா அத்தை. கொஞ்சம் எறங்கட்டும்."

அதற்குள் எதிர்வீட்டு ஆவுடைத்தாய் குடத்தோடு வந்துவிட்டாள். "என்ன மதினி, சொல்லாமக் கொள்ளாமக் கோயில் கொடை நடத்துதீக?" அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"கட்டைய எங்க?" என்றார் கணவர்.

என் இடுப்பில் செருகியிருந்தேன். அவர் கையை நீட்டினார். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.  அத்தை, வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், தானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து ஆவுடைத்தாய்க்கு அடுத்து நின்றார்.

நான் பின்னறைக்கு வந்தேன். கணவரும் பின்னாலேயே வந்தார். "சுண்ணாம்பை ஓரமா வையுங்க. பூச்சைச் சுரண்டுங்க," என்றேன். வெயிலுமுத்து என் கணவரின் முகத்தைப் பார்த்தார். நான் வெயிலுமுத்துவின் கையிலிருந்து சுரண்டியை வாங்கிச் சுவரில் குத்தினேன். மூன்று வருஷத்து வெள்ளை, ஊறிய புண்ணாக்குப் போலக் கொத்தாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்து, வியர்த்திருந்தது. அடித்த நாற்றத்தில் வெயிலுமுத்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கணவர் அருகில் வந்து செங்கல்லில் உள்ளங்கையை வைத்தார். அந்த அறையில் அவர் சுவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"இவ்வளவு ஈரமாவா இருந்துச்சு?" என்றார்.

பிறகு முன்னறைக்குப் போய்ப் பண்டல்களை நகர்த்தத் தொடங்கினார். சத்தம் கேட்டது. அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. கையில் ஈரம் பட்ட பிறகுதான் நம்ப முடிகிறது என்றால், இத்தனை நாள் பிள்ளையின் மூச்சு இவர் காதில் என்னவாக விழுந்துகொண்டிருந்தது?

சுந்தரியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். கட்டை உறுத்தியது. அதை எடுக்காமல் அப்படியே நின்றேன்.