நவம்பர் பதினான்கில் ஒரு சுவர்

ஆறு ஆண்களும் குனிந்து சுவரின் மேல்விளிம்புக்கு அடியில் விரல்களைச் செருகிவிட்டார்கள். "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினான் ரெய்னோ கங்காஸ். அந்த நொடியில்தான் ஐலி அதைக் கவனித்தாள்.

வாசல் தப்பான பக்கத்தில் இருந்தது.

"ரெண்டு..."

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். மூன்று சொன்னால் சுவர் எழுந்துவிடும். இவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்பது எப்போது? நாளை இரவு பனி வருகிறது.

"வைங்க," என்றாள் ஐலி. "கீழ வைங்க."

பதினாறு அடி நீளச் சுவர் அது. வீட்டின் தெற்குப் பக்கத்தில் அவளே போட்ட மரத்தளத்தின் மேல் படுத்துக்கிடந்தது. குத்துக்கால்களை வரிசையாக அடித்து, மேலே பிளைவுட் பலகைகளைத் தைத்து முடிக்க அவளுக்கு நான்கு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, நூலகத்துப் புத்தகத்தைத் தளத்தில் விரித்துவைத்து, ஒற்றை ஆளாக அடித்தாள். கிழக்கிலும் மேற்கிலும் இருந்த குட்டைச் சுவர்களை நெம்பி நெம்பி அவளே நிறுத்தியிருந்தாள். இந்த நீளச் சுவருக்கு மட்டும்தான் ஆள் தேவைப்பட்டது.

இந்தப் புது அறை தம்பி வெர்னுக்காக. பிப்ரவரியில் காட்டில் மரம் வெட்டும்போது ஒரு மேப்பிள் மரம் அவன் இடுப்பில் விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. இப்போது இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் மாதக் கடைசி வரைதான் இடம். வியாழக்கிழமை வீட்டைச் சோதிக்க ஒரு அதிகாரி வருகிறாள். கூரை போட்ட அறையும், நாற்காலி ஏறி வர வழியுள்ள வாசலும் அவள் கண்ணில் பட்டால் வெர்ன் அக்கா வீட்டுக்கு வருவான். படாவிட்டால் ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், கிரீன் பே நகரத்தில் உள்ள ஒரு பராமரிப்பு விடுதிக்கு. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக ஐலி கேள்விப்பட்டதில்லை.

கோளாறு நடந்தது இப்படித்தான். முற்றத்தில் நின்று வீட்டைப் பார்த்தபடி அவள் படம் வரைந்தாள். படத்தில் வாசல் வலது பக்கம். ஆணி அடித்தபோதோ வீட்டுக்கு முதுகைக் காட்டி, முற்றத்தைப் பார்த்து மண்டியிட்டிருந்தாள். படத்தைப் பார்த்துத் தன் வலது கைப்பக்கம் வாசலை விட்டாள். கிழக்கே இருக்க வேண்டியது மேற்கே போய்விட்டது. கிழக்கே கார் வந்து நிற்கும் மேடான தரை; சின்னச் சாய்தளம் போதும். மேற்கே எரிவாயுத் தொட்டியும் அதை ஒட்டி ஐந்தடிப் பள்ளமும். அங்கே வாசல் வைத்தால் ஆடுகூட ஏறாது.

விஷயத்தைச் சொன்னாள். ஏரிக்காற்று பைன் மரங்களை உலுக்கியது.

ஆர்லன் கடிகாரத்தைப் பார்த்தான். அந்த ஆறு பேரும் வெர்னும் வருடாவருடம் போய்த் தங்கும் வேட்டைக் குடிசைக்கு அவன்தான் சமையல்காரன். நாளை நவம்பர் பதினைந்து, மான் வேட்டைப் பருவம் திறக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. இன்று மதியத்துக்குள் குடிசை போய்ச் சேர வேண்டும். கடைசியாக வருபவன் வாரம் முழுக்க எல்லார் பாத்திரமும் கழுவ வேண்டும் என்பது அவர்கள் அப்பாக்கள் காலத்துச் சட்டம். பத்து மணிக்கு விட்டுவிடுகிறேன் என்று ஐலி வாக்குக் கொடுத்துத்தான் ஆறு பேரும் வந்திருந்தார்கள். இப்போது மணி ஒன்பது நாற்பது.

"தூக்கி நிறுத்திடலாம் அக்கா," என்றான் ஆர்லன். "வாசலைப் பொறவு சாவகாசமா மாத்தி வெட்டிக்க."

ஐலி வாசலுக்கு மேலே கிடந்த விட்டத்தைப் பார்த்தாள். மூன்று தடிப்பலகைகளைச் சேர்த்துத் தைத்தது. படுத்திருக்கும் சுவரில் அதை உருட்டிச் சேர்த்துவிட்டாள். நிற்கும் சுவரில் தலைக்கு மேல் தூக்கிப் பொருத்துவதென்றால்...

செப்டம்பரிலேயே ரெய்னோ வந்து படத்தைக் காட்டச் சொன்னான். முதலில் உன் கோழிக்கூடு நேராக நிற்கட்டும் என்று விரட்டிவிட்டாள். ஊரில் யார் உதவ வந்தாலும் 'நான் பாத்துக்கறேன்'தான் பதில்.

"நின்ன பொறவு அந்த விட்டத்தை என்னால ஒத்தையில தூக்க முடியாது," என்றாள். "இப்பவே பிரிச்சு மாத்தணும். எனக்கு நீங்க வேணும்."

ரெய்னோ தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தான். "டேய், தேதியைக் குறிச்சு வைங்கடா. ஐலி அக்கா ஆள் வேணும்னு கேட்டுச்சு."

"வாயை மூடிட்டு கடப்பாரையை எடுடா."

அவன் எடுத்தான். மற்றவர்களும் முணுமுணுத்தபடி எடுத்தார்கள். பலகையைப் பிரிக்க ஆரம்பித்ததும்தான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. ஆறங்குலத்துக்கு ஓர் ஆணி போதும் என்று புத்தகம் சொன்னது. ஐலி மூன்றங்குலத்துக்கு ஒன்று அடித்திருந்தாள்.

"இது சுவரா முள்ளம்பன்றியா?" என்று ஆர்லன் பல்லைக் கடித்தான். "வீட்டைச் சூறாவளி தூக்கிட்டுப் போனாலும் இந்தச் சுவர் இங்கயே நிக்கும்."

ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. ஒரு பலகை மூலையில் பிளந்தது. ஐலி ஒரு நிமிடம்கூட ஓர் இடத்தில் நிற்கவில்லை; அளந்தாள், கோடு போட்டாள், போட்ட கோட்டை மறுபடி அளந்தாள், முற்றத்தில் குதித்து வீட்டைப் பார்த்தாள், மேலே ஏறி முற்றத்தைப் பார்த்தாள். விட்டம் கிழக்குக்கு வந்தது. குத்துக்கால்கள் இடம் மாறின. புது வாசலுக்காக வெட்டிய பலகைத்துண்டு பழைய ஓட்டையை மூடியது. பன்னிரண்டே முக்காலுக்கு ரெய்னோ மறுபடி எண்ணினான்.

சுவர் எழுந்தது. முட்டி, இடுப்பு, தோள். நிமிர்ந்த மறுகணம் பின்னாலிருந்து காற்று அடித்தது. அவ்வளவு பலகையும் கப்பல் பாய்போலக் காற்றை வாங்கி முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஆறு பேரின் பூட்ஸும் தளத்தில் வழுக்கின. ஐலி குறுக்குக்கட்டையைச் சுவரோடு அழுத்தி முதல் ஆணியை அடித்தாள், வளைந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது, நான்காவது.

"விடுங்க," என்றாள்.

மெல்ல விட்டார்கள். நின்றது. கிழக்கு மூலையில், இருக்க வேண்டிய இடத்தில், வாசல்.

ஒன்றரைக்கு வண்டிகள் கிளம்பின. கூரைச் சட்டங்கள் அறுத்து அடுக்கியபடி கிடந்தன. இருட்டுவதற்குள் ஒன்றையாவது ஏற்றிவிட ஐலி மூன்று முறை முயன்றாள். ஒரு முனையைச் சுவரில் வைத்துவிட்டு ஏணியை மாற்றுவதற்குள் மறுமுனை நழுவி விழுந்தது. மூன்றாவது முறை அவள் கால் விரலுக்கு அரை அடி தள்ளி.

மறுநாள் விடியற்காலையில் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது அவள் ஏணியில் இருந்தாள். பிறகு காடு முழுக்கப் பட்பட்டென்று வெடித்தது. ஊரில் இப்போது ஆண் வாசனையே இருக்காது. பத்து விரலும் மரத்துப்போயிருந்தன. சட்டம் மறுபடி நழுவப் பார்த்தது.

மறுமுனையை ஒரு கை பிடித்தது.

ஆரஞ்சு வேட்டைக்கோட்டில் ரெய்னோ. வண்டி வந்த சத்தம்கூட அவள் காதில் விழவில்லை.

"இன்னிக்கு நாள் என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். முப்பத்தோரு வருஷத்துல நான் தவற விடற மொத நாள்." அவன் சட்டத்தைச் சுவரின் மேல் ஏற்றினான். "குடிசைல வெர்னோட கட்டில் காலியாக் கெடக்கு. அவனுங்க அதுமேல துணியைக் குவிச்சு வச்சிருக்கானுங்க. எனக்குத் தூக்கம் வரல. ஆணியக் குடு."

அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை. ஒன்பது சட்டங்கள். அப்புறம் கூரைப் பலகைகள். மதியம் சாப்பிட்டது இறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட பாஸ்டி, ஆளுக்கொன்று, ஆறிப்போனது, அதுவும் ஏணியில் நின்றபடி. மூன்று மணிக்கு வானம் ஈயமாயிற்று. நான்கு மணிக்குக் கடைசிப் பலகை மேலே போனபோது முதல் பனித்துகள் ஐலியின் இமையில் விழுந்தது. ரெய்னோ மேலே அடித்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கி உள்ளே போனாள். இரண்டு மாதமாக வெட்டவெளியாய்க் கிடந்த இடம் இருட்டாக இருந்தது. பனி உள்ளே வரவில்லை.

இல்லத்துக்குப் போன் போட்டாள்.

"எத்தனை மான் விழுந்துச்சுக்கா?" என்றான் வெர்ன். அறையைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணுகூட இல்லை. ரெய்னோ என் கூரைமேல உக்காந்திருக்கான்."

"இன்னிக்கா?" என்றான் வெர்ன்.

"இன்னிக்குத்தான். வியாழக்கிழமை அந்தம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டி வை."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சாய்தளம் நாளைக்கு. கூரைமேல் தார்ப்பாய் இன்னும் விரிக்கவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஏணியைப் பிடித்து மேலே ஏறினாள்.